டி. நகரின் 'டி' ஒரு மனிதர்

முந்தாநாள் வந்த அந்தக் காணொலியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சென்னையின் டி. நகருக்குப் பெயர் தந்தவரும் நீதிக்கட்சித் தலைவருமான பிட்டி தியாகராயச் செட்டியாரை, பதவிக்காகக் கட்சி தொடங்கிய பணக்கார முதலாளி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். அதை நண்பர்களே பகிர்ந்ததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதவிக்காகவா? 1920 சென்னை மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றதும், அமைச்சரவை அமைக்குமாறு ஆளுநர் வில்லிங்டன் அழைத்தது அவரைத்தான். அவர் மறுத்துவிட்டதால்தான் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்ததால் வந்த வெற்றிதானே என்பீர்கள். இருக்கட்டும், எளிதாக வந்ததையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லையே!

முதலாளி என்பது உண்மை. தறியை நம்பிய குடியில் பிறந்து, நெசவிலும் தோல் வணிகத்திலும் பொருள் சேர்த்தவர். அந்த வசதியோடு வீட்டில் இருந்திருக்கலாம். 1916 டிசம்பரில் அவர் பெயரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை, 1913இல் இருந்த 128 மாவட்ட முன்சீப்களில் (கீழமை நீதிபதிகளில்) 93 பேர் பார்ப்பனர்கள் என்று கணக்கெடுத்துச் சொன்னது. கணக்கு வழக்குப் பார்த்துப் பழகிய வணிகரின் கை அதில் தெரிகிறது. ஆங்கிலேயரிடம் 'சர்' பட்டம் வாங்கினாரே என்பவர்களுக்குச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. அக்காலத்தில் பலரும் வாங்கினார்கள். 1921இல் சென்னை பி அண்ட் சி நெசவாலை வேலைநிறுத்தத்தின்போது, அதில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பக்கம் அவர் கட்சி நிற்கவில்லை என்பது மட்டும் எனக்கும் உறுத்துகிறது. அதை யாரும் மறைக்க வேண்டாம். அதற்காக மறுத்த பதவியை விரும்பினார் என்று எழுதிவிடலாமா?

நான் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். கடுங்காப்பியோடு வகுப்புக்கு வந்தால், பதினோரு மணிக்குச் சமையற்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வரும்போது கரும்பலகையில் இருப்பது எதுவும் மனத்தில் ஏறாது. 1920இல், அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு கொடுக்க மன்றம் ஒப்புதல் அளித்தது. பின்னால் காமராசரும் எம்.ஜி.ஆரும் மாநிலமெங்கும் விரித்த பந்திக்கு முன்பே போட்ட இலை அது. பதவி ஆசை பிடித்தவர் என்று அவரைச் சொல்லக் கேட்கும்போது, என் தட்டில் விழுந்த சோற்றையே பழிப்பதுபோல் இருக்கிறது எனக்கு.

அந்தக் காணொலியைப் பகிர்ந்தவர்களில் இருவர் அதே பள்ளியில், அதே வரிசையில், எனக்கு முன்னால் தட்டேந்தி நின்றவர்கள்.