செட்டிங்ஸ் கேட்கும் முன் வெளிச்சத்தைச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கேமரா தூக்குகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு படம் விழுந்ததும் நடப்பதைப் பாருங்கள். பத்துப் பேர் "அருமை" போடுவார்கள். பதினோராவது ஆள், "அண்ணே, செட்டிங்ஸ் என்ன?" என்பார். அண்ணனும் "1/250, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600" என்று எழுதுவார். தம்பி அதை அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த வாரம் கோவிலுக்குப் போவார். படம் இருட்டாக வரும். கேமரா சரியில்லை என்று முடிவுகட்டி, தவணையில் புதுசு வாங்க விலை கேட்பார்.

ஷட்டர் வேகம், லென்ஸ் திறப்பு, ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ.) என்கிற அந்த மூன்று எண்ணும் அண்ணன் நின்ற இடத்தில் அந்த நிமிடத்தில் இருந்த வெளிச்சத்துக்குச் சொந்தமானவை. வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எத்தனை மணி, பின்னால் வெள்ளைச் சுவரா கருங்காடா என்று தெரியாமல் அவற்றை வாங்கிக்கொள்வது, அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது போலத்தான்.

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் கிடைக்கிற மென்மையான மஞ்சள் வெளிச்சத்துக்கு, வெளிநாட்டு யூடியூப்காரர்கள் 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரம் கணக்குச் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும், நெட்டுக்குத்தாக இறங்கும், மணிக்குச் சுமார் 15 டிகிரி. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர 25 நிமிடம் போதும். அந்த மஞ்சள் வெளிச்சம் அவ்வளவுதான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டதால், நமக்குச் சூரியன் உதிப்பதே ஏறத்தாழ ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில்தான். எட்டு மணிக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மாலையில் இன்னும் மோசம். சூரியன் மறைந்த பிறகு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகும். சாமி புறப்பாட்டின் தொடக்கத்தில் வைத்த ஐ.எஸ்.ஓ. 800, தெருமுனை திரும்பும்போது 6400 ஆகியிருக்க வேண்டும். எந்த முனையில் எடுத்தது என்று சொல்லாமல் எண்ணைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

இதைவிட முக்கியமான விஷயம் நம் தோல் நிறம். இதை நாம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர், பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர், வெளுத்த வானம் பின்னால் இருந்தால் 'அதிக வெளிச்சம்' என்று குறைத்துவிடும். முன்னால் நிற்கிற கருத்த முகம் கரிக்கட்டையாகும். அதே முகம் இருட்டு மண்டபத்தின் முன் நின்றால், மீட்டர் கூட்டிவிடும். முகம் வெளிறிச் சாம்பல் பூசியது போல் வரும். இரண்டுமே அந்த மனிதரின் நிறம் இல்லை. அப்புறம் குழுவில் வருகிற யோசனை என்ன? "ஒயிட்டனிங் கொஞ்சம் ஏத்துங்க." எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. பால் வெட்டி, பழக்குலை அறுத்து, வெயிலில் கருத்த முகத்தை அழகில்லை என்று சொல்கிற யோசனை அது. கேமரா உலகமே நம் நிறத்தை மறந்து வளர்ந்த ஒன்று. கோடக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சு நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்டில்' நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். வெளியே செய்த அந்தத் தவற்றை நாமும் கைப்பேசியில் செய்யக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. மீட்டரிங்கை, ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் 'ஸ்பாட்'டுக்கு மாற்றி, வெளிச்சம் படும் கன்னத்தில் வையுங்கள். கரும்பழுப்பு நிறத்துக்கு எக்ஸ்போஷரை மைனஸ் 2/3 முதல் மைனஸ் 1 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி, கூட்டினால் இரட்டிப்பு) வைத்தால் நிறம் நிறமாகவே நிற்கும். கூட்டத்தில் கன்னத்தைப் பிடிக்க நேரமில்லையா? அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். கருத்தவர், சிவந்தவர் யாராக இருந்தாலும் உள்ளங்கை நிறத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் இரண்டு ஸ்டாப் தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். கருத்த தோலின் நிழல் பகுதியில்தான் புள்ளிகள் முதலில் கிளம்பும், நிறம் சேறாகும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிச் சரியாக எடுத்த 3200, இருட்டாக எடுத்துத் தூக்கிய 800ஐவிடப் பல நேரம் சுத்தமாக இருக்கும்.

கருத்த முகத்தின் வடிவத்தைக் காட்டுவது தோலின் மேல் படும் பளபளப்பு. அதனால் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். லயத்து வீட்டு வாசலே போதும். ஆளை நிலைப்படியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே உட்காரவைத்து, முகத்தை வாசல் பக்கம் பாதி திருப்பச் சொல்லுங்கள். இருட்டான பக்கம் ஒரு வெள்ளைத் துணியையோ வெள்ளை அட்டையையோ இரண்டடி தூரத்தில் பிடித்தால் கண்ணுக்குக் கீழே உள்ள குழி நிரம்பும். நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றினால் வெள்ளைத் திட்டு வராது. கைப்பேசியில் எடுப்பவர்கள் முதலில் 'பியூட்டி' வசதியை அணையுங்கள். சில போன்களில் வாங்கும்போதே அது திறந்திருக்கும்.

அடுத்து தீமிதி. வருஷா வருஷம் எல்லாரும் முட்டி மோதுகிற இடம். இங்கே மூன்று சிக்கல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. பூக்குழியில் இறங்குகிறவரின் பாதம் குழம்பாமல் இருக்க 1/320க்குக் குறையாத வேகம் வேண்டும், 1/500 நல்லது. ஆனால் சுற்றிக் கட்டியிருக்கும் எல்.இ.டி. விளக்குகள் பல, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 1/100ஐத் தாண்டினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டும் மஞ்சளும் விழும், ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். "லென்ஸ் போச்சு" என்று குழுவில் எழுதுகிறவர்களுக்கு, லென்ஸ் போகவில்லை. எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். கேமராவில் 'ஆன்டி ஃப்ளிக்கர்' இருந்தால் திறந்துவிடுங்கள். விளக்கு உச்சத்தில் எரியும் கணத்துக்காக ஷட்டர் காத்திருக்கும். அது இல்லாத கேமரா என்றால், ஓடும் கால்களை விட்டுவிட்டு, குழியில் இறங்கும் முன் கைகூப்பி நிற்கிற முகத்தை 1/100இல் எடுங்கள். அந்த முகம் எந்தப் பாதத்துக்கும் குறைந்ததில்லை.

இரண்டாவது, தணல். படத்தின் வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் 'எல்லாம் சரி' என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டி நின்றால், தணலின் சாம்பல் பூத்த விளிம்பும் நடுவில் ஓடும் வெடிப்பும் போய், ஒரே ஆரஞ்சுத் திட்டுத்தான் மிஞ்சும். முக்கால் ஸ்டாப் குறைத்து, 'ரா' (RAW) கோப்பாக எடுத்து, முகத்தைப் பிறகு லேசாகத் தூக்குங்கள். நான் மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. தணலில் வழிந்த சிவப்பு திரும்பி வராது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4000 முதல் 4500 கெல்வினில் பூட்டிவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறாது.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. குழியின் நீளவாட்டில் தாழக் குனிந்து எடுத்தால் படம் எப்போதும் தெளிவில்லாமல் வரும். ஃபோகஸ் தவறவில்லை. தணலுக்கு மேல் கொதிக்கிற காற்று வெளிச்சத்தை வளைக்கிறது. எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. பக்கவாட்டுக்கு வந்து, கொஞ்சம் உயரத்தில் நில்லுங்கள். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம். தணலின் ஒளி செத்துவிடும், விரதம் இருந்து வருகிறவரின் கண்ணிலும் அடிக்கும்.

செம்பனைக் காட்டுக்குள் எடுத்த கல்யாணப் படங்களில் மணப்பெண் முகம் பச்சையடிப்பதற்கு மேக்கப்காரர் மேல் பழி போடுகிறார்கள். வளர்ந்த மரங்களின் மட்டை மேலே கூடிவிட்டால் கீழே இறங்கும் வெளிச்சமே பச்சை. சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். வெள்ளைத்தாளில் நீல மினுமினுப்பு கலந்திருப்பதால் அது ஏமாற்றும். அல்லது ஒயிட் பேலன்ஸில் உள்ள 'டின்ட்'டைப் பச்சைக்கு எதிரான மஜெந்தா பக்கம் 10, 15 தள்ளுங்கள். அதைவிட எளிய வழி, ஜோடியைத் தோட்டத்துச் செம்மண் சாலை ஓரத்துக்குக் கொண்டுவருவது. மண்ணிலிருந்து எழும்பும் சூடான நிறம் தாடைக்குக் கீழே போய் உட்காரும்.

லென்ஸில் பூஞ்சை பற்றி ஒரே வரி: நம் ஈரக்காற்றில் கேமராப் பையே பூஞ்சைக்கு வீடு, ரப்பர் விளிம்பு வைத்த டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரமானியும் போட்டு ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள்.

இனி பகிர்வது. புலனத்தில் சாதாரணமாகப் போட்டால் படம் சுருங்கும், கேமரா படத்தோடு பதிக்கும் எக்ஸிஃப் விவரம் (செட்டிங்ஸ், நேரம்) அழிந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்து "ஷார்ப் இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை. 2023இல் வந்த எச்.டி. வசதி கொஞ்சம் உதவும். அசல் அப்படியே போக வேண்டுமென்றால் 'ஆவணம்' வழியாக அனுப்புங்கள். முகநூலுக்கு நீளப்பக்கம் 2048 பிக்சல், எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தில் நீங்களே சுருக்கிப் போட்டால் சேதம் குறைவு. கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: மணி என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னால் என்ன, எது சரியாக வரவில்லை. தோற்ற படத்தையும் பக்கத்தில் போடுங்கள். பெரிய அண்ணன்மார்களே, "அருமை" போடும் விரலால் "கன்னத்தில் ஒரு ஸ்டாப் குறைவு, வாசல் பக்கம் திருப்பியிருக்கலாம்" என்றும் எழுதலாம். தம்பிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆவணமாக அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைப்பேசிப் படம் என்றால் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பும் கூடவே போகும். வீட்டு வாசலில் எடுத்த பிள்ளைகள் படம் என்றால், அனுப்பும் முன் இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள்.