மயான காண்டத்தை விடிய விடியக் கேட்டவர்கள்

ஈழத்து இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி.வி.வைரமுத்து பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. விமர்சகர்களின் பாராட்டை விரிவாகத் தந்த நீங்கள், அவருடைய நாடகத்தை விடிய விடிய இருந்து கேட்ட சனங்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

காங்கேசன்துறையில் பிறந்த என் அம்மம்மா, வெள்ளவத்தையில் எங்களோடு இருந்த காலத்தில், அரிசி புடைத்தபடியே அவர் அரிச்சந்திரனாக நடித்த சுடலைக் காட்சி நாடகமான மயான காண்டத்தின் பாட்டை முணுமுணுப்பா. அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி, இறந்த மகன் லோகிதாசனைச் சுடலைக்குக் கொண்டுவரும் இடத்தில் சுளகு நின்றுவிடும். "மனுசன் தோளில தடியோட நிண்டு பாடேக்க, ஆர்மோனியக்காரரே பின்னால ஓடித்தான் பிடிக்கோணும்" என்பா. அரிச்சந்திரன் என்றால் அவவுக்கு வைரமுத்துவின் முகம்தான்.

வைரமுத்து 1989இல் காலமானார். அவருடைய நாடகக் குழுவான வசந்தகான சபாவின் பழைய ஒலிநாடாக்கள் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தாரிடம் ஒருதடவை பேசிப் பாருங்கள்.