தாலி கட்டும்போது சொதி

(பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. மின்விசிறி கணினிக்கு, எடிட்டருக்கு ஓலை விசிறி. மளிகைக்கடை அண்ணாச்சி பென் டிரைவோடு நுழைகிறார்.)

அண்ணாச்சி: தம்பி, மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். கெட்டிமேளம் கேட்க வேண்டிய இடத்தில், "சொதிக்கு இஞ்சிப் பச்சடி எங்கே?" என்று என் மச்சான் குரல் கேட்கிறதே!

எடிட்டர்: மறுவீட்டு விருந்து தனி டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், இருந்தது அண்ணாச்சி. அதை நகலெடுத்து முகூர்த்த டைம்லைனில் ஒட்டினேன். டைம்லைனில் நகரும் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் விழும். அது தாலியில் நின்றுவிட்டது.

அண்ணாச்சி: படத்தில் தாலி மட்டும் எப்படித் தப்பித்தது?

எடிட்டர்: படத் தடத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தேன். ஒலித் தடத்துக்குப் போட மறந்துவிட்டேன்.

அண்ணாச்சி: கல்லாவைப் பூட்டிவிட்டுக் கடையைத் திறந்து போட்டிருக்கிறாய். ஒட்டாமல் கொண்டுபோக வழியே இல்லையா?

எடிட்டர்: விருந்து டைம்லைன் முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கி முகூர்த்தத்துக்குள் வைக்கலாம்.

அண்ணாச்சி: அல்வாவைக் கிண்டிய சட்டியோடு பந்திக்குக் கொண்டுவருவது. நல்ல வழிதானே?

எடிட்டர்: மச்சான் சாப்பிடுவதைக் குறைக்கச் சொல்லி நான்கு தடவை ஆள் அனுப்பினீர்கள். நான்கு தடவையும் விருந்து டைம்லைனைத் திறந்து, சட்டிக்குள் இறங்கி ஏறினேன். வெறுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் போட்டேன். படம் முடிந்ததும் இருபது நிமிடம் காலியிடம். அதற்கப்பால் வேண்டாத துண்டுகளைக் குவித்தேன்.

அண்ணாச்சி: கடைசியில் குவியலை அள்ளினாயா?

எடிட்டர்: (விசிறிக்கொள்கிறார்.)

அண்ணாச்சி: அதுதானா! டிவி இருட்டியதும் கரண்ட் போய்விட்டதென்று லைன்மேனைக் கூட்டிவந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவதை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் ஏணியைச் சாய்க்கிறார், டிவியில் மச்சான் மறுபடி சாப்பிட ஆரம்பிக்கிறார்! அது போகட்டும், பெண் அழைப்பில் எல்லாரும் ஏன் விக்கி விக்கி நடக்கிறார்கள்?

எடிட்டர்: அது மாப்பிள்ளையின் தம்பி செல்போனில் எடுத்தது. நொடிக்கு 30 படம். நம் டைம்லைனுக்கு 25. ஒட்டும்போது 5 உதிர்ந்துவிடும்.

அண்ணாச்சி: (விரல் மடக்கி) முப்பதுக்கு ஐந்து. ஆறில் ஒரு பங்கு சேதாரம். உன் பாக்கி 6,000 ரூபாயில் ஆயிரத்தைக் கழித்துவிடு.

எடிட்டர்: அண்ணாச்சி, அந்தத் துண்டு ஒரே நிமிடம்தான்!

அண்ணாச்சி: மச்சானுக்கு மூன்று பந்தி போட்டிருக்கிறாய். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.