கூரை விழுந்ததற்கு அந்தக் குடும்பமா குற்றவாளி?

இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பழைய லிஸ்டட் பண்ணை வீட்டுக் கூரை சரிந்துவிட்டது என்று செய்தி. லிஸ்டட் என்றால் பாரம்பரியக் கட்டடம் என்று அரசு பட்டியலிட்டுச் சட்டத்தால் காக்கிற வீடு. அந்தச் செய்திப் படத்துக்குக் கீழே நம்ம ஆட்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். "வேணும்னே விட்டிருப்பான்", "நிலத்தை விக்கிற பிளான்", "பணக்காரத் திமிர்". சரி. இதை எழுதியவர்களில் யாராவது இங்கிலாந்தில் ஒரு லிஸ்டட் வீட்டுக்குள் ஒரு குளிர்காலத்தையாவது கழித்திருக்கிறீர்களா?

நான் கழித்திருக்கிறேன். கிரேடு 2, அதாவது அந்தப் பட்டியலின் கடைசித் தரத்தில் இருக்கிற ஒரு பண்ணை வீட்டில் வாடகைக்கு ஒரு அறை. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். காலையில் அதில் வழிந்த தண்ணீர் கீழே மரத்தில் தேங்கி நிற்கும். துண்டால் ஒற்றிப் பிழிவது என் வேலை. வீட்டுக்கார அம்மா இரட்டைக் கண்ணாடி போட அனுமதி கேட்டார். தோற்றம் கெட்டுவிடுமாம், உள்ளூர் கவுன்சில் மறுத்துவிட்டது. பின்சுவரில் எந்தக் காலத்திலோ யாரோ சுண்ணாம்புக்கு மேல் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் விரலால் தொட்டாலே உதிர்ந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர்தான் உங்கள் பணக்காரத் திமிர்.

அனுமதியில்லாமல் லிஸ்டட் வீட்டின் தன்மையை மாற்றினால், இந்தக் கட்டடங்களுக்கான 1990 சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. இருக்கட்டும், அது தேவைதான். ஆனால் புது வீடு கட்டினால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பூஜ்யம். பழைய வீட்டுக் கூரையைப் பழுது பார்த்தால் 20 சதவீதம். அனுமதி வாங்கிச் செய்கிற மாற்றங்களுக்கு இருந்த விலக்கையும் 2012 அக்டோபரில் பிடுங்கிக்கொண்டார்கள். மானியமா? கிரேடு 2-க்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கிற அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, சிதையும் நிலையில் உள்ளவற்றுக்கு வைத்திருக்கிற ஆபத்துப் பட்டியலில்கூட, லண்டனுக்கு வெளியே இருக்கிற கிரேடு 2 பண்ணை வீட்டுக்கு இடம் கிடையாது. லிஸ்டட் கட்டடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் கிரேடு 2 தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சொந்தக்காரன் கையைக் கட்டுகிற சட்டம் இருக்கிறது, மழையைத் தடுக்கிற காசு இல்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

"தெரிந்துதானே வாங்கினார்கள்?" அந்தக் குடும்பம் வாங்கவில்லை ஐயா, பரம்பரைச் சொத்து. செய்தியை முழுசாகப் படியுங்கள்.

"சட்டம் இல்லையென்றால் என்றைக்கோ இடித்திருப்பார்கள்." உண்மை. நான் சட்டத்தை எடுக்கச் சொல்லவே இல்லை. இடிக்காதே என்று சொல்கிறவர்கள் ஓடு மாற்றவும் கை கொடுங்கள் என்கிறேன். எத்தனை தடவை சொன்னாலும் "இவன் பில்டர் ஆள்" என்றுதான் வந்து நிற்கிறார்கள். ஆமாம், பில்டர்கள் எனக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிறார்கள். ஈரத்துண்டு பிழிந்ததற்கு.

அப்புறம் இன்பாக்ஸில் ஒருவர்: "வெள்ளைக்காரன் வீட்டுக்கு நீ ஏன் ஒப்பாரி வைக்கிற?" எனக்கு இந்த ஊரில் முதலில் கதவு திறந்துவிட்டது அந்த அம்மாதான். என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் ஆளும் அவர்தான். இதையெல்லாம் அந்த இன்பாக்ஸ்காரருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பிளாக் செய்துவிட்டேன்.