இரும்பை அச்சுக்குள் வைக்காதீர்கள்

காசிமேட்டில் கழித்துப்போட்ட படகு இரும்பையும் சூளையில் வார்த்த கண்ணாடியையும் இணைத்துச் சிற்பம் செய்வது பற்றிய உங்கள் கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ராயபுரத்தில் இதே வேலையைச் செய்கிறவன் நான். ஆனால் இரும்பை அச்சுக்குள்ளேயே வைத்து அதன்மேல் கண்ணாடியை உருக்கலாம் என்று அதில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியைவிட இரும்பு சூட்டில் அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் சுருங்கும். அந்த இழுவையில் கண்ணாடி விரிசல் விடும்; சில நேரம் சூளையிலிருந்து எடுத்துப் பல நாள் கழித்துக்கூட. மெல்லிய செம்புத் தகடு வளைந்துகொடுத்துத் தப்பிக்கலாம், தடித்த இரும்பு தப்பாது.

கண்ணாடியைத் தனியாக வார்த்தெடுங்கள். இரும்பு உட்காரும் பள்ளத்தை, அச்சு எடுப்பதற்கான மெழுகு மாதிரியிலேயே செதுக்கிவிட்டால், ஆறிய பிறகு சிலிக்கோன் பசையால் பொருத்திக்கொள்ளலாம். அச்சுக்குச் சிலிக்கா மாவு கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

உருக்க 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்று சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். வார்த்த கண்ணாடியைச் சூளையிலேயே மெல்ல மெல்ல ஆற்றுவதைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை! கண்ணாடியின் தடிமன் இரட்டித்தால் ஆற்றும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதில் அவசரப்பட்டால் எல்லா உழைப்பும் போய்விடும். நம் பக்கத்து உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பொருத்துவதற்கு முன்பே துரு நீக்கிப் பூச்சு அடித்துவிடுங்கள்.