பிளானில் துடைப்பம் எங்கே?

நாகமலைப் புதுக்கோட்டையில் 3 சென்ட் மனை வாங்கி, என்ஜினியரிடம் பிளானும் போட்டு வாங்கிவிட்டான் பாண்டி. பூமி பூஜைக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் அதைத் தன் செல்வி அக்காவிடம் காட்ட ஒத்தக்கடைக்கு வந்திருக்கிறான். காட்டத்தான் வந்தான், யோசனை கேட்க அல்ல. ஆனால் ஏற்கெனவே வீடு கட்டிக் குடிபோன ஒருத்தர் முன்னால் பிளானை விரித்துவிட்டு யாரும் சும்மா திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

பாண்டி: (பிளானைத் தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் கைக்குக் கிடைத்ததை வைத்து) பாருக்கா. 30-க்கு 43½ அடி. கீழே ஹால், ஓப்பன் கிச்சன், மாஸ்டர் பெட்ரூம், கார் நிறுத்த போர்ட்டிகோ. மேலே ரெண்டு பெட்ரூம், பால்கனி. எலிவேஷன், அதாவது வீட்டின் முன்தோற்றம், தனிப் படம். முகப்பில் இந்தப் பக்கம் ஒரு யானை, அந்தப் பக்கம் ஒரு யானை.

அக்கா: யானை எதுக்குடா?

பாண்டி: ஒரு கெத்துக்குத்தான்.

அக்கா: யானை வேண்டுமென்றால் என் வீட்டு ஜன்னலைத் திறந்து பார். முழு யானைமலையே யானையாகப் படுத்திருக்கிறது, ஒரு மூட்டை சிமென்ட் செலவு கிடையாது. சரி, இங்கே வட்டமாக இருக்கிறதே, இது தரைக்கடியில் தண்ணீர் தேக்குகிற சம்ப்பா?

பாண்டி: அது நீ குடுத்த பருத்திப்பால் டம்ளர் வைத்த கறை. சம்ப் போர்ட்டிகோவுக்கு அடியில் வருகிறது.

அக்கா: செப்டிக் டேங்க்?

பாண்டி: அதுவும் போர்ட்டிகோவுக்கு அடியில்தான். இடம் மிச்சம் ஆகுதுல்ல.

அக்கா: குடிக்கிற தண்ணீரும் மற்றதும் ஒரே சுவர் வைத்துக்கொண்டு பங்காளியாக இருக்குமா? பங்காளிகள் சுவர் என்றைக்கடா ஒழுங்காக நின்றிருக்கிறது? ஒன்றை முன்னால் வை, இன்னொன்றைக் கடைசியில் கொண்டுபோ. சம்ப் மூடி கார் சக்கரத்துக்குக் கீழே வராமலும் பார். தண்ணீர் லாரி வந்து நிற்கிற நேரத்துக்கு நீ கார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பாய்.

பாண்டி: அக்கா, இதெல்லாம் என்ஜினியர் பார்த்துக்கொள்வார். அப்ரூவலும் ஈசி. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500-க்குள் இருந்தால் 2024-லிருந்து ஆன்லைனில் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கிவிடலாம்.

அக்கா: அரசாங்கத்துக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, சந்தோஷம். நான் உன்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். துடைப்பம் எங்கே?

பாண்டி: (சுற்றுமுற்றும் பார்த்து) இங்கேதானே இருந்தது? எதுவும் கொட்டிடுச்சா?

அக்கா: என் வீட்டுத் துடைப்பம் இல்லைடா, உன் பிளானில் துடைப்பம் எங்கே என்று கேட்கிறேன். துடைப்பம், மாப், வாளி, ஏணி, இஸ்திரி மேஜை, பழைய பேப்பர், தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற இட்லிக் கொப்பரை, இதெல்லாம் எங்கே இருக்கும்?

பாண்டி: 1636-ல் திருமலை நாயக்கர் மகால் கட்டினாரே, துடைப்பத்துக்கு ரூம் விட்டா கட்டினார்?

அக்கா: நாயக்கருக்குக் கூட்டிப் பெருக்க ஊரே இருந்தது. உனக்கு உன் பெண்டாட்டி மீனா ஒருத்திதான். மாடிப்படிக்கு அடியில் என்ன?

பாண்டி: அங்கே ஒரு புத்தர் சிலை, கூழாங்கல், சின்ன ஃபவுண்டன், நீல லைட்.

அக்கா: புத்தரே எல்லாம் வேண்டாம் என்று வீட்டை விட்டுப் போனவர். அவருக்கு எதுக்கு உன் வீட்டில் இடம்? அங்கே ஒரு கதவு போட்டு உள்ளே ரெண்டு தட்டு அடி. மீனா உன்னைக் கும்பிடுவாள்.

(பாண்டி பேனாவை எடுத்தான். புத்தர் மேல் அடிப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டான்.)

அக்கா: கிச்சனுக்குப் பின்வாசல் காணோம்?

பாண்டி: பின்வாசல் போட்டால் அடுப்பு நகர வேண்டியிருக்கும் என்றார் வாஸ்துக்காரர். அக்னி மூலை இப்போது கச்சிதமாக வந்திருக்கிறது.

அக்கா: அக்னிக்கு மூலை பார்த்தீர்கள், அது எரிகிற கேஸ் எந்த வழியாக வரும் என்று பார்த்தீர்களா? உள்ளே இருக்கிற கேஸ் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவைத் தொடும். சிலிண்டர் போடுகிற தம்பி அதை உன் வாசல், உன் ஹால், உன் வெள்ளை டைல்ஸ், உன் சோபா எல்லாவற்றையும் தாண்டி உருட்டிக்கொண்டு வரணும். வெளிச்சுவரை ஒட்டிக் காற்றோட்டமாக ஒரு கூண்டு கட்டி, கம்பிக் கதவு போட்டு, குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோ. சிலிண்டர் வெளியே வரும், வெளியே போகும்.

பாண்டி: மாடுலர் கிச்சனில் சிலிண்டருக்கு ஒரு டிராயர் குடுத்திருக்காங்கக்கா.

அக்கா: ரெண்டாவது சிலிண்டருக்கு?

பாண்டி: ...

அக்கா: சமையல் மேடை எத்தனை உயரம்?

பாண்டி: 34 அங்குலம். ஸ்டாண்டர்டு.

அக்கா: யாருக்கு ஸ்டாண்டர்டு? மீனா அஞ்சடி கூட இல்லை. அவள் மணை போட்டு ஏறி நின்றுதான் குக்கரைக் கிளறணும். முதலில் அவளை என் மேடைக்கு முன்னால் நிற்கவைத்து, முழங்கைக்குக் கீழே அரைச் சாண் விட்டு அளவெடு. ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் வாங்குவாயா மாட்டாயா?

பாண்டி: அது இல்லாத ஞாயிறா?

அக்கா: அதை மண்சட்டியில் போட்டு, உப்பைப் போட்டு உரசி, வழுவழுப்பு போய்த் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசணும். எங்கே உட்கார்ந்து அலசுவாள்?

பாண்டி: சிங்க் இருக்கிறதே.

அக்கா: ஓப்பன் கிச்சன், பக்கத்தில் ஏ.சி. ஹால். அந்த வாடை வெளியே போக வழியில்லாமல் திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றும். சோபாவில் அயிரை, திரைச்சீலையில் அயிரை, திங்கட்கிழமை நீ ஆபீசுக்குப் போட்டுப் போகிற சட்டையில் அயிரை. ஹாலைக் கொஞ்சம் குறைத்துப் பின்னால் நாலடிக்கு ஆறடி இடம் விடு. ஒரு குழாய், தரையோடு ஒரு தொட்டி, வாட்டமாகச் சரிவு, மேலே ஒரு கூரை. மீனும் அங்கே, கரிப்பிடித்த பாத்திரமும் அங்கே, வாஷிங் மெஷினும் அங்கே.

பாண்டி: வாஷிங் மெஷினைப் பாத்ரூமில் வைக்கலாம் என்றிருந்தோம்.

அக்கா: வை. பாத்ரூம் கதவு ரெண்டரை அடி, நிலை போக ரெண்டே கால்தான் மிஞ்சும். மெஷின் ரெண்டடி. உள்ளே போய்விடும், மறுபடி வராது. அதுக்கு அங்கே பிளக் பாயிண்ட் கொடுத்திருக்கிறாயா, தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா?

(இரண்டும் இல்லை. பாண்டி சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருந்தது.)

பாண்டி: கரண்ட் வேலை மட்டும் நீ குறை சொல்ல முடியாது. ரூமுக்கு ரெண்டு போர்டு.

அக்கா: மாஸ்டர் பெட்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

பாண்டி: உள்ளே, வலது பக்கச் சுவரை ஒட்டி.

அக்கா: சுவிட்ச் போர்டு?

பாண்டி: வலது பக்கச் சுவ... அட.

அக்கா: ராத்திரி ரூமுக்குள் போவாய், கதவைச் சாத்துவாய், இருட்டில் கதவுக்குப் பின்னால் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாய். கட்டிலில் படுத்த பிறகு லைட்டை அணைக்க மறுபடி எழுந்து வருவாய். உன் மாமா தினமும் "நீ அணை", "நீங்க அணைங்க" என்று என்னோடு சண்டை போட்டு, கடைசியில் லைட்டோடே தூங்கிக்கொண்டிருந்தார், அப்புறம்தான் படுத்த இடத்திலிருந்தும் அணைக்கிற மாதிரி தலைமாட்டில் ஒரு டூ-வே சுவிட்ச் வைக்கச் சுவரை வெட்டிக் காடி எடுத்தோம். புது பெயின்ட் அடித்து ஆறே மாசம். மாடிப்படிக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று போட்டுவிடு. முதலில் கட்டில் எங்கே என்று பென்சிலால் வரைந்துவிட்டு அப்புறம் பிளக் பாயிண்டைக் குறி. எங்கள் வீட்டில் தலைமாட்டைத் தவிர எல்லாச் சுவரிலும் பிளக் இருந்தது.

பாண்டி: கட்டில் ஆறுக்கு ஆறரை. ரூம் பத்துக்குப் பத்து.

அக்கா: அலமாரிக் கதவு திறக்க எவ்வளவு இருக்கு?

பாண்டி: திறக்கும்.

அக்கா: திறக்கும். நீ கட்டில் மேல் ஏறி நின்றால் திறக்கும். இந்த ரூம் எந்தத் திசை?

பாண்டி: தென்மேற்கு. கன்னி மூலை. வீட்டுக்காரன் படுக்கிற இடம்.

அக்கா: சித்திரை மாசம் ரெண்டு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மேற்குச் சுவர் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், ராத்திரி நீ படுத்ததும் அதை அப்படியே உன்மேல் கக்கும். மூலையை மாற்றச் சொல்லவில்லை. அந்தச் சுவரில் அலமாரியை வை, ஜன்னலைத் தெற்கே திருப்பு, சன்ஷேடு நீளமாக இழு. ஏ.சி. வைப்பாய்தானே, வெளி யூனிட் எங்கே?

பாண்டி: பக்கத்துச் சந்துப் பக்கம்.

அக்கா: அந்தச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் கிச்சன் ஜன்னல். அவர்கள் சாம்பாருக்கு நீ அனல் காற்று ஊதப்போகிறாய். அந்த யூனிட்டைச் சுத்தம் பண்ண வருகிற பையன் நிற்பதற்கு ஒரு பலகை அளவு இடமாவது வேண்டும். ஏ.சி. தண்ணீர் போகிற குழாயைச் சுவர் எழுப்பும்போதே வைத்துவிடணும், இல்லாவிட்டால் ஜன்னல் வழியாக ஒரு டியூபைத் தொங்கவிட்டுக் கீழே பெயின்ட் வாளி வைப்பாய். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வாளி உண்டு.

பாண்டி: (பிளானின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டே) கொசுவலை அடிக்கிறேன், அதிலாவது தப்பு இருக்கா?

அக்கா: ஜன்னல் வெளியே திறக்கிற மாதிரி வைத்து உள்ளே வலை அடித்தால் மழை வரும்போது எப்படிச் சாத்துவாய்?

பாண்டி: அக்கா, நான் ஒன்று கேட்கட்டுமா? உன் வீட்டில் இதெல்லாம் சரியாக இருக்கா?

அக்கா: சரியாக இருந்தால் எனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்? ஒன்று மட்டும் மறக்காதே. பைப்பும் வயரும் சுவருக்குள் போனதும், பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து வை. எதிர்வீட்டில் முருகன் படம் மாட்டத் துளை போட்டார்கள், நேராகத் தண்ணீர்க் குழாயில் இறங்கிவிட்டது. கார்த்திகை அன்றைக்கு முருகனுக்கு ஹாலிலேயே அபிஷேகம். அதை நிறுத்தலாம் என்றால் பாத்ரூமுக்குத் தனித்தனி வால்வு இல்லை, மேலே டேங்கைப் பூட்டணும். டேங்க் மேல் ஏற ஏணி வைக்கவில்லை. அவர்கள் பையன் கைப்பிடிச் சுவரில் கால் வைத்து ஏறினான், பார்க்கிற எங்களுக்கு உயிரே இல்லை.

பாண்டி: ஏணி. வால்வு. சரி. தரைமட்டம் ரோட்டிலிருந்து ஒன்றரை அடி, போதும்ல?

அக்கா: மண்ரோடுதானே? தார் போடுவார்கள், அப்புறம் அதைச் சுரண்டாமல் அதுக்கு மேலேயே இன்னொன்று போடுவார்கள். மூணடி தூக்கு. மதுரைக்குள்ளே பழைய தெருக்களில் போய்ப் பார், எத்தனை வீட்டுக்குள் படி இறங்கிப் போகிறார்கள் என்று. மழைத் தண்ணீர்த் தொட்டி பிளானில் அழகாக இருக்கிறதே, கட்டுவாயா?

பாண்டி: அது 2003-லேயே கட்டாயம் ஆக்கிட்டாங்களே, வரைஞ்சுதானே ஆகணும்.

அக்கா: வரைந்தாய். கட்டுவாயா என்று கேட்டேன்.

பாண்டி: (பேச்சை மாற்றி) மாடிப்படி எப்படி? வளைவாக, ரெண்டே முக்கால் அடி அகலம். ஹாலில் இடமே அடைக்காது.

அக்கா: அம்மாவோட பீரோ ஆறரை அடி உயரம். இந்த வளைவில் எப்படித் திரும்பும்?

பாண்டி: அதையும் யோசித்துவிட்டோம். பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றிவிடலாம்.

அக்கா: அம்மா பீரோ எதுக்குடா மாடிக்குப் போகுது?

பாண்டி: அம்மா ரூம் மாடியில்தானே. நல்ல காற்று, பால்கனியிலிருந்து நாகமலை தெரியும்.

(அக்கா எதுவும் பேசவில்லை. எழுந்துபோய் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தாள். இது நல்ல அறிகுறி இல்லை என்பது பாண்டிக்குத் தெரியும்.)

அக்கா: ஏண்டா, அம்மாவையும் கயிறு கட்டித்தான் ஏற்றுவாயா?

பாண்டி: அக்கா...

அக்கா: கோயில் படியே பக்கத்துத் தூணைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறாள். உன் வளைவுப் படியில் பிடிக்கக் கண்ணாடிதான் இருக்கிறது. காலையில் மேலே ஒரு காபி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஒரு காபி, ஏறி இறங்குகிறது யார்? மீனா. மூணாம் மாசம் அவளுக்கும் மூட்டுவலி. அப்புறம் ரெண்டு பேரும் மேலே, நீ கீழே புத்தரோடு.

பாண்டி: கீழே ஒரு பெட்ரூம்தானே வருது. மாஸ்டரை எப்படிக் குடுக்கிறது? கன்னி மூலை...

அக்கா: உன் கன்னி மூலையை நீயே வைத்துக்கொள். அம்மாவுக்கு முன்பக்கம் ஒரு ரூம் எடு. தெருவில் யார் போகிறார், யார் வருகிறார் என்று தெரிகிற மாதிரி ஜன்னல். ஒட்டினாற்போல் பாத்ரூம், தரை வழுக்காத டைல்ஸ், சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, கதவு மூணடி.

பாண்டி: முன்பக்கம் எங்கேக்கா இடம்? போர்ட்டிகோதான் இருக்கு.

அக்கா: அதுதான். பத்துக்குப் பதினெட்டு, அருமையான அளவு.

பாண்டி: அப்போ காரை எங்கே விடுகிறது?

அக்கா: மாடியில்தான் நல்ல காற்று வருகிற ரூம் ஒன்று காலியாகுதே, அங்கே ஏற்று. காருக்கு மூட்டுவலியா?