ஸ்டெப் வேணும், ஆள் வேணாமா?

'லாக்கிங்' என்ற அமெரிக்கத் தெரு நடனத்தை ஆடிய, அறுபதைத் தாண்டிய பழைய லாக்கர் ஒருவர் ஆட்டக்காரர்கள் சுற்றி நிற்கும் வட்டத்துக்குள் இறங்கி நாலு எட்டு ஆடுகிற வீடியோ வந்தால் போதும், கீழே நம் ஆட்கள் வரிசை கட்டி வந்துவிடுவார்கள். "தாத்தா, இடுப்பு பத்திரம்." "பெருசு, ஆம்புலன்ஸ் சொல்லவா?" எழுதினவன் யார் என்று போய்ப் பார்த்தால், அவன் பக்கம் முழுக்க அந்தப் பெருசு தலைமுறை போட்டுக்கொடுத்த ஸ்டெப்தான். வயிறு எரிகிறது.

2017-ல் டோனி பேசில் எழுபதைத் தாண்டிய வயதில் ஆடிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. "யாரோ ஒரு பாட்டி என்னமா ஆடுறாங்க பாருங்க" என்று பகிர்ந்தார்கள். யாரோ பாட்டியா? 1970-களின் தொடக்கத்தில் டான் கேம்பலோடு சேர்ந்து 'தி லாக்கர்ஸ்' குழுவை உருவாக்கிய அம்மா அவர். கிளப்பிலும் தெருவிலும் கிடந்த ஆட்டத்தை டிவிக்கும் பெரிய மேடைக்கும் கொண்டுபோனதில் பாதிப் பங்கு அவருடையது. அவர் ஆடாமல் வேறு யார் ஆடுவார்கள்?

டான் கேம்பல் கதையையாவது யாருக்காவது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் ட்ரேட் டெக் என்ற தொழிற்கல்லூரி. 1970 வாக்கில் அங்கே படித்த கேம்பலுக்கு ஊரே ஆடிய 'ஃபங்கி சிக்கன்' நடனம் சரியாக வரவில்லை. கையை வீசினால் பாதியில் ஒரு நொடி பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும், அப்புறம்தான் மறுபடி அசையும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கூச்சப்பட்டு ஓடவில்லை. சிரித்தவர்களைப் பார்த்து விரலை நீட்டினார், அதையும் தாளத்தில் நீட்டினார். அந்தத் தடுமாற்றம் லாக் ஆனது, நீட்டிய விரல் பாயிண்ட் ஆனது. இன்று எந்த ஊரில் லாக்கிங் வகுப்புக்குப் போனாலும் முதல் நாள் சொல்லித்தருவது இந்த இரண்டையும்தான்.

காசு விஷயமும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. 'சோல் ட்ரெயின்' என்ற அமெரிக்க டிவி நடன நிகழ்ச்சியில் ஆடிய பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, மதியத்துக்கு வறுத்த கோழி மட்டும். நாடே டிவி முன் உட்கார்ந்து பார்த்தது இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைத்தான். ஆடுகிறவனுக்குக் காசு கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்ட கேம்பலுக்கு அங்கே இடமில்லாமல் போனது என்பது லாக்கர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 2020 மார்ச் கடைசியில், 69 வயதில் அவர் போனார். உலகம் கொரோனாவில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம், பாதிப் பேருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. அதே டிசம்பரில் லாக்கர்ஸ் குழுவின் ஷப்பா டூவும் போனார், வயது 65. அன்றைக்கு மட்டும் கறுப்பு வெள்ளைப் படம், மெழுகுவர்த்தி, "லெஜண்ட்" என்று பதிவுமேல் பதிவு. முந்தின நாள்வரை அந்தப் பெயரை உச்சரித்திராதவர்கள்!

எங்கள் ஏரியா ஸ்டுடியோவுக்கு வாருங்கள். லாக்கிங் வகுப்பில் 'ஸ்கூபி டூ', 'ஸ்கீட்டர் ராபிட்' என்று இரண்டு ஸ்டெப் சொல்லித்தருகிறார்கள். மாஸ்டரிடம் கேட்டேன், இதெல்லாம் யார் போட்டது என்று. "கார்ட்டூன் பேருங்க அதெல்லாம், சும்மா ஜாலிக்கு வச்சது" என்றார். ஜிம்மி ஃபாஸ்டர் என்ற மனிதரை அந்தக் காலத்து லாக்கர்கள் ஸ்கூபி டூ என்றே கூப்பிட்டார்கள், ஜேம்ஸ் ஹிக்கின்ஸுக்கு ஸ்கீட்டர் ராபிட் என்று பெயர். ரத்தமும் சதையுமான இரண்டு பேரை மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு கார்ட்டூனாக்கிவிட்டார்கள். அதே ஸ்டுடியோவில் பக்கத்து அறையில் பரத வகுப்பு. அங்கே தட்டிக் கும்பிடாமல் ஒரு அடவு எடுக்க முடியாது, அரங்கேற்ற அழைப்பிதழில் குருவின் குரு பெயர்வரை அச்சாகிறது. (பரதத்தை வளர்த்த நட்டுவனார், தேவதாசிக் குடும்பங்களுக்கு நாம் செய்தது என்ன என்பது தனிக் கதை, அதைக் கிளறினால் இந்தப் பதிவு முடியாது.)

"ஸ்டெப் என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒரு தம்பி கேட்டான். இல்லைதான், வேதனையே அதில்தான் இருக்கிறது. பாட்டுக்கு ராயல்டி உண்டு. ஆட்டத்தில் ஓர் அசைவைக் கண்டுபிடித்தவனுக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே எதுவும் கிடையாது. நாலைந்து அசைவு கொண்ட சின்ன ஸ்டெப்புக்குப் பதிப்புரிமை தருவதில்லை. ஃபோர்ட்நைட் கேமில் தன் ஆட்டத்தை எடுத்துக் காசுக்கு விற்கிறார்கள் என்று 2018-ல் ராப்பர் டூ மில்லி வழக்குப் போட்டுப் பார்த்தார், கடைசியில் வாபஸ் வாங்கினார். சட்டம் கைவிட்ட இடத்தில் மிச்சம் இருப்பது பெயரைச் சொல்கிற பழக்கம் ஒன்றுதான். அதற்கும் பஞ்சமா?

உடம்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சிமெண்டுத் தரையிலும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டும் ஆடியவர்கள் இவர்கள். லாக்கிங்கில் முழங்கால் தரையில் 'தொப்'பென்று இறங்கும். அந்த முழங்கால் அறுபதில் என்ன பாடுபடுத்தும் என்று யோசியுங்கள். ஹிப் ஹாப் பக்கமும் இதே கதைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடந்த பார்ட்டியிலிருந்துதான் ஹிப் ஹாப்புக்குப் பிறந்தநாள் கணக்கு. அதில் இசைத்தட்டு சுழற்றிய டிஜே கூல் ஹெர்க், பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் 'பிரேக்' வரும்போது இறங்கி ஆடிய பிள்ளைகளுக்கு பி-பாய் என்று பெயர் வைத்தவர். 2011-ல் சிறுநீரகக் கல்லோடு மருத்துவக் காப்பீடு இல்லாமல் நின்றார். ரசிகர்கள் காசு திரட்ட வேண்டியிருந்தது. அதற்குள் ஹிப் ஹாப் எத்தனை கோடீஸ்வரர்களை உருவாக்கிவிட்டிருந்தது!

ஒலிம்பிக்ஸ் வந்தால் விடியும் என்றார்கள். 2024 பாரிஸில் பி-பாய்கள் ஆடும் பிரேக்கிங் வந்தது. நடத்தும் பொறுப்பு பால்ரூம் நடனத்துக்கென்று ஏற்பட்ட கூட்டமைப்பின் கையில். நம் ஊரில் பேசியதெல்லாம் ஆஸ்திரேலியப் பெண் வாங்கிய பூஜ்ஜியத்தைப் பற்றித்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிக்கெட் உண்டு, பிரேக்கிங் கிடையாது. சரி, விடுங்கள்.

வயதான எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. யார் முதலில் ஆடினார்கள் என்று அவர்களுக்குள்ளேயே தீராத சண்டை உண்டு, சிலருக்கு வாய் அதிகம். யாரும் காலில் விழ வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைத்தால் பேசிய காசை மேடை ஏறுவதற்கு முன் கொடுங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். செல்ஃபிக்காக "ஒரு ஹெட்ஸ்பின் ப்ளீஸ்" என்று அறுபத்தைந்து வயது மனிதரைத் தலையை ஊன்றிச் சுற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

இப்போது இங்கே ஒரு லாக்கிங் ஒர்க்‌ஷாப் அறிவித்திருக்கிறார்கள். போஸ்டரில் முக்கால்வாசி மாஸ்டரின் கூலிங்கிளாஸ் முகம். கீழே டான் கேம்பல் பெயரை ஒரு வரி சேருங்கள் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும் ப்ரோ, டிக்கெட் போகாது" என்கிறார்கள். ஸ்பான்சர் ஜூஸ் கடை லோகோ மூன்று இடத்தில் இருக்கிறதே, அதைப் பார்த்தா டிக்கெட் போகிறது?